குருணைப் பூச்சிகள் இருந்த தொட்டி

கைபேசி அடித்தபோது என் இரண்டு கைகளிலும் பிளீச்சிங் பவுடர் நாற்றம். சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவியும் போகவில்லை. நகக்கண்ணில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

“அக்கா, எங்க நிக்கிறீங்கள்?”

மைதிலி மிஸ். யாழ்ப்பாணத்துப் பிள்ளை; பதுளையில் பல்கலைக்கழக விரிவுரையாளர். நீர்ப்பூச்சிகளைப் பற்றி ஆராய்கிறவர். ஓடி வந்தவர் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“குவாட்டர்ஸ்லதான் மிஸ். இப்பதான் வந்தேன்.”

“நீங்கள் போத்தல்ல போட்டு அனுப்பின பூச்சி இருக்கெல்லே? ரெண்டு மாசமா அதோடதான் கிடக்கிறன். அக்கா, அது லேசுப்பட்ட பூச்சி இல்லை. ஆரோ ஒரு வெள்ளைக்காரர் எந்தக் காலத்திலயோ இந்த மலைப்பக்கம் ரெண்டே ரெண்டு பிடிச்சு வைச்சிருக்கிறார். அதுக்குப் பிறகு ஒருத்தரும் கண்டதா நான் தேடின இடத்தில இல்லை. நாளைக்குக் காலமை வாறன். அதுவரைக்கும் அந்தத் தொட்டியில ஒருத்தரையும் கை வைக்க விடாதேங்கோ.”

திரும்பிப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே, மேலே மலையில், தொட்டி தெரிந்தது. அத்தனை வருஷமாகக் கரும்பச்சையாக இருந்த சுவர் அன்று வெள்ளை வெளேரென்று வெயிலில் பளிச்சிட்டது. விளக்குமாறும் தும்புக்கட்டுமாக எட்டுப் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு கீழே இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

“அக்கா? கேக்குதோ?”

“மிஸ்... இன்னைக்குக் காலையிலதான் தொட்டியக் கழுவுனோம்.”

“கழுவினதெண்டால்?”

“பாசியெல்லாம் சொரண்டி வெளிய போட்டுட்டு பவுடர் கலக்கி ஊத்துனோம். நான்தான் ஊத்துனேன்.”

மெதுவாக, “ஐயோ அக்கா” என்றார். அவ்வளவுதான். யாருடைய வீட்டிலாவது சாவு விழுந்த செய்தி கேட்டால் எப்படிச் சொல்வோமோ, அப்படி.

மலைமேல் ஒரு தொட்டி

போன வாரம் பிரசவ அறையைப் பற்றி எழுதினேன். படித்துவிட்டு ஹாலிஎலயிலிருந்து ஒரு வாசகி, “நீங்கள் உங்கள் நல்ல காரியங்களை மட்டும்தான் எழுதுகிறீர்கள்” என்று கடிதம் போட்டிருக்கிறார். உண்மைதான். அதனால்தான் இந்த வாரம் இது.

தெமோதரையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டோ கிடைத்தால் ஆட்டோ, இல்லாவிட்டால் ஒரு மணி நேர நடை. அதுதான் எங்கள் தோட்டத்தின் கீழ்க்கணக்கு. கணக்கு என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு. அங்குள்ள டிஸ்பென்சரியில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தேன். காய்ச்சலுக்கு மாத்திரை, வெட்டுக்காயத்துக்குக் கட்டு, கர்ப்பிணிகளுக்கு நிறை பார்ப்பது, குழந்தைகளுக்கு ஊசி. ஜனங்கள் என்னை ‘மிஸ்ஸி’ என்பார்கள். என் வீட்டுக்காரர் தங்கராசு தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், மெக்கானிக். டிஸ்பென்சரியை ஒட்டியே எங்களுக்கு ஒரு குவாட்டர்ஸ் தந்திருந்தார்கள்.

எங்கள் குவாட்டர்ஸுக்குக் கீழே, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்கள். மேலே, தேயிலைக்கு நடுவில், ஒரு பாறைக்கு அடியில் அந்தத் தொட்டி. வெள்ளைக்காரன் காலத்துச் சீமெந்து. மூடி கிடையாது. நின்றால் நெஞ்சளவு ஆழம். பாறையிலிருந்து ஊற்றுத் தண்ணீர் வந்து விழும். அங்கிருந்து ஒரே ஒரு குழாய் கீழே இறங்கி லயத்துக்குப் போகும். காலையும் மாலையும் மட்டும் திறந்துவிடுவார்கள்.

உள்சுவரெல்லாம் பாசி. நீளநீளமாக, தலைமுடி போல, தண்ணீர் அசையும்போது சேர்ந்து அசையும்.

மைதிலி மிஸ் முதன்முதல் டிஸ்பென்சரிக்கு வந்தது அட்டை கடித்த காலோடு. சப்பாத்துக்குள் இரத்தம் நிறைந்திருந்தது. தேயிலை வடிகட்டுகிற வடிக்கு நீளமான காம்பு வைத்தது போல ஒரு வலை கையில். நான் பஞ்சு வைத்துக் கட்டும்போது அந்தப் பிள்ளை வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. “இஞ்ச பக்கத்தில பாசி பிடிச்ச தண்ணி எங்கயாவது நிக்குதோ அக்கா?” என்றுதான் கேட்டது.

தொட்டியைக் காட்டினேன். அன்று அவருக்குப் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. போகும்போது கண்ணாடிப் போத்தல் நாலைந்தும் ஒரு சின்னப் பூதக்கண்ணாடியும் தந்துவிட்டுப் போனார்.

“குருணை நடக்குது”

எனக்குப் பூச்சி பார்க்கும் பழக்கம் முன்பு இருந்ததில்லை. சொல்லப்போனால் கரப்பானைக் கண்டால் கட்டிலில் ஏறி நிற்கிற ஆள். ஆனால் அந்தப் பூதக்கண்ணாடி மேசையில் கிடந்தது. வேலை குறைந்த ஒரு பின்னேரம் தொட்டிக்குப் போய், காயம் கழுவும் வெள்ளை இனாமல் கோப்பையில் கொஞ்சம் பாசியை அள்ளி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிவப்பரிசிக் குருணை ஒன்று நகர்ந்தது.

குருணை என்றே நினைத்தேன். அவ்வளவுதான் இருக்கும். வைக்கோல் நிறம். கண்ணாடியை வைத்துப் பார்த்தால் முதுகில் கறுப்புப் புள்ளிகள் வரிவரியாக, ஊசித் தையல் போட்ட மாதிரி. வேகமே இல்லை. பாசி இழையைப் பிடித்துக்கொண்டு ஏறியது. பிடி விட்டுப்போனால், காலை மாற்றி மாற்றி வைத்து அவதிப்பட்டு இன்னொரு இழைக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்றைக்குத் தண்ணீருக்கு வந்த ராக்கம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். லயத்தில் நாலாவது வீடு. நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவள். எட்டிப் பார்த்து, “அட! குருணை நடக்குது!” என்றாள். அதுவே பெயராகிவிட்டது.

கூட அவள் மருமகள் கௌரி வந்திருந்தாள். தலைப்பிள்ளை வயிற்றில், அப்போது ஐந்து மாதம். அவளும் கோப்பையில் குனிந்து பார்த்தாள்.

“மிஸ்ஸி, இது நாம குடிக்கிற தண்ணியிலயா இருக்கு? ச்சீ!”

“அதுக்குத்தான் சுட்டுக் குடின்னு சொல்றேன். கேக்குறியா?”

“சுட்டா குருணைக் கஞ்சியாயிருமே!” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமியாரும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது.

ஒன்பது பூச்சியைப் போத்தலில் போட்டு, பதுளை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். மைதிலி மிஸ் அன்றே போன் எடுத்தார். மற்ற நீர்வண்டுகள் பின்னங்கால் இரண்டையும் ஒன்றாக உதைத்து, துடுப்புப் போடுகிற மாதிரி நீந்துமாம். இது ஒரு கால் மாற்றி ஒரு கால் வைக்கிற சாதி. “தண்ணிக்குள்ளயே பிறந்து வளருது, ஆனா நீந்த வராது அக்கா. நடக்கத்தான் தெரியும்.” வயிற்றுக்கடியில் இரண்டு அகலத் தட்டு இருக்கிறதாம், பின்னங்காலின் அடிப்பாகத்தை மூடிக்கொண்டு. அதற்குள் காற்றைப் பிடித்து வைத்துத்தான் மூச்சு விடுமாம்.

கொழுந்துக்குப் போகிற பெண்கள் இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டுவார்களே, நனையாமல் இருக்க, அது போலவா என்று கேட்டேன்.

“அதேதான்! அதே மாதிரித்தான்!” என்றார். பாசிதான் அதற்குச் சாப்பாடு, பாசியில்தான் முட்டை, பாசிதான் வீடு என்றும் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டேன். கேட்டு, ‘ம்’ கொட்டினேன்.

இத்தனையும் தெரிந்துகொண்டுதான் நான் அதைச் செய்தேன். அதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

மஞ்சள் கண்கள்

எரிபொருள் வரிசையெல்லாம் ஓய்ந்த பிறகு வந்த ஒரு கார்த்திகை அது. விடாத மழை. கொழும்பில் வேலை பார்த்துவிட்டு லயத்துக்குத் திரும்பிய ஓர் ஆள் முதலில் வந்தார். வாந்தி, களைப்பு. கண்ணை இழுத்துப் பார்த்தேன், மஞ்சள். இரண்டு நாள் டிஸ்பென்சரியில் படுக்க வைத்து, பிறகு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

அவர் குணமாகி வந்துவிட்டார். கதை முடிந்தது என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்து அதே லயத்தில் ஒருத்திக்கு. பிறகு அடுத்தடுத்து. ஒரு கிழமைக்குள் ஏழு பேர்.

எட்டாவது, கௌரி.

அப்போது அவளுக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. டிஸ்பென்சரி வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “சோத்தப் பாத்தாலே கொமட்டுது மிஸ்ஸி. மாசமா இருக்கறதால இருக்குமா?” கீழிமையை இழுத்துப் பார்த்தேன். மஞ்சள். மஞ்சள் காமாலை யாருக்கும் வரலாம், பிழைத்துக்கொள்ளலாம். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு வருவது வேறு. நான் அதைப் புத்தகத்தில் படித்ததோடு சரி, அதுவரை கண்ணால் கண்டதில்லை.

தோட்டத்து லொறியில் ஏற்றிப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ராக்கம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். எல்லோரும் அவரை ‘பி.எச்.ஐ. மாத்தையா’ என்போம். தொட்டியில் ஒரு போத்தல், லயத்துக் குழாயில் ஒரு போத்தல் தண்ணீர் பிடித்தார். “பரிசோதனை வர நாலஞ்சு நாள் போகும் மிஸ்ஸி. அதுவரைக்கும் தொட்டிக்குக் குளோரின் போடுங்க” என்று அளவையும் எழுதித் தந்தார்.

குளோரின் போடச் சொன்னது அவர். பாசியைச் சுரண்டச் சொன்னது நான்.

அந்தப் பச்சையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் பொங்கியது. இந்த அழுக்குத்தான் கௌரியைப் படுக்க வைத்தது என்று தோன்றியது. பெண்களைச் சேர்த்துக்கொண்டு போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, உள்ளே இறங்கியும் வெளியே நின்றும் தேய்த்தோம். மூன்று மணி நேரம். கூடை கூடையாகப் பாசி. தேயிலைக்கு நடுவே கொட்டினோம். வெயில் வேறு அன்றைக்குத்தான் எட்டிப் பார்த்தது. தொட்டியின் அடியில் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கியதும் பவுடரைக் கலக்கி நானே ஊற்றினேன்.

பூச்சி நினைவுக்கு வந்ததா என்று மைதிலி மிஸ் பிறகு கேட்டார். வரவில்லை. ஒரு கணம்கூட வரவில்லை. வந்திருந்து, ‘இருக்கட்டும், மனுஷ உயிர் பெரிசு’ என்று ஊற்றியிருந்தால் இன்றைக்கு எனக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும்.

வெள்ளைத் துணியில்

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவர் வந்தார். முகம் கழுவின மாதிரித் தெரியவில்லை. என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “காமாலை வந்த ஆக்களுக்கு எப்பிடி அக்கா?” என்றுதான் முதலில் கேட்டார்.

தொட்டித் தண்ணீரை வலையால் அலசி, ஒரு வெள்ளைத் துணியில் தட்டினார். ஒவ்வொன்றாக விழுந்தன. கால்கள் விரிந்தபடி. சிலது மல்லாக்க. அந்த இரண்டு தட்டும் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. எண்ணினோம். நாற்பத்தொன்று.

பிறகு பாசி கொட்டிய இடத்துக்குப் போய் மண்டியிட்டு உட்கார்ந்தார். காய்ந்து சருகாகிப் போயிருந்தது. பிடிபிடியாக எடுத்து உதிர்த்து உதிர்த்துப் பார்த்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உதிர்த்தேன். ஒரு மணி நேரம் ஆனது. உயிரோடு ஒன்றுகூட இல்லை.

“அனுப்பின ஒன்பதும்?” என்று கேட்டேன்.

“ஸ்பிரிட்டில போட்டுட்டன் அக்கா. உயிரோட வேணுமெண்டு தெரிஞ்சிருந்தால்...” என்று நிறுத்திக்கொண்டார். “நானும் ஒன்பதைக் கொன்றுபோட்டுத்தானே அது என்னெண்டு பார்த்தனான்.”

என்னைத் தேற்றச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா, தெரியாது.

பரிசோதனைத் தாள்

பி.எச்.ஐ. மாத்தையா தாளோடு வந்த அன்று மைதிலி மிஸ்ஸும் இருந்தார். பக்கத்து ஓடைகளில் தேட வந்திருந்தார்.

“தொட்டித் தண்ணியில மலக்கிருமி இல்ல மிஸ்ஸி” என்றார் மாத்தையா. “லயத்துக் குழாயில நிறைய இருக்கு.”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. “ரெண்டும் ஒரே தண்ணிதானே மாத்தையா?”

“அதான். மேல நல்லா இருக்கு. கீழ கெட்டுப்போயிருக்கு. நடுவுல எங்கயோ குழாய் உடைஞ்சிருக்கு.”

நான் மைதிலி மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டியைக் கழுவியிருக்கத் தேவையே இல்லை. அந்தப் பாசியும் அந்தப் பூச்சிகளும் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை.

மூவருமாகத் தொட்டியிலிருந்து குழாயைத் தொடர்ந்து இறங்கினோம். மாத்தையா முன்னால், மண்வெட்டியோடு. குழாய் சில இடத்தில் மண்ணுக்கு மேலே ஓடும், சில இடத்தில் புதைந்து போகும். தேயிலைக்குள் ஒரு குறையும் இல்லை. வாய்க்காலைத் தாண்டியும் இல்லை. டிஸ்பென்சரிக்குப் பின்னால் வந்ததும் மாத்தையா நின்றார். மண் கறுப்பாக ஊறிப்போயிருந்தது. நாற்றம்.

டிஸ்பென்சரி மலசலகூடத்தின் குழி அங்கேதான். மழைக்கு நிரம்பிக் கசிந்துகொண்டிருந்தது. காமாலையோடு வந்து என்னிடம் இரண்டு நாள் படுத்துக் கிடந்த அந்த முதல் ஆள் போனதும் அந்த மலசலகூடத்துக்குத்தான்.

மாத்தையா வெட்டினார். குழாய் வந்தது. குழாயில் ஒரு வெட்டு. வெட்டில் இன்னொரு குழாயைச் செருகி, சைக்கிள் டியூபை வரிந்து கட்டியிருந்தது. ரப்பர் உக்கிப் பிளந்திருந்தது. தண்ணீர் அடைத்திருக்கும் நேரமெல்லாம் வெறும் குழாய் அந்தப் பிளவால் கசிவை உள்ளே இழுத்திருக்கிறது.

“இது களவா எடுத்த லைன்” என்றார் மாத்தையா. “எங்க போகுதுன்னு பாப்போம்.”

செருகிய குழாயைப் பிடித்துக்கொண்டே மண்ணைக் கிளறிப் போனார். ஐந்து அடி. பத்து அடி. ஒரு ரோஜாச் செடியின் வேரைச் சுற்றிக்கொண்டு போனது. அந்தச் செடியை நட்டது நான்.

குழாய் என் வீட்டுக் குசினிச் சுவருக்குள் போய் நுழைந்தது.

நான் கேட்காத கேள்வி

மாத்தையா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மைதிலி மிஸ் என் முழங்கையைப் பிடித்தது மட்டும் தெரியும்.

ஸ்டோரிலிருந்து வீட்டுக்காரர் வந்தபோது, குசினி வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். தோண்டிய பள்ளம் அவர் கண்ணில் பட்டது. சாப்பாட்டுக் கேரியரைக் கீழே வைத்தார்.

“இந்தக் குழாயை நீங்கதான் போட்டீங்களா?”

“ஆமா.”

“எப்ப?”

“மகள் பொறந்த பெறகு ஒனக்கு இடுப்பு விட்டுப்போச்சே, அந்த வருஷம். நீ கொடம் தூக்கிட்டு ஏறி வர்றதப் பாக்க முடியல பத்மா. தொரைக்கு எழுதிக் குடுத்தேன். ஒண்ணும் நடக்கல. நானே இழுத்துட்டேன்.” பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே, “அப்ப அங்கன குழி இல்ல. பின்னாலதான் வெட்டுனாங்க. எனக்கு நெனப்பே வரல” என்றார்.

எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. ஏனென்றால் ஒரு நாள் காலை என் குசினியில் குழாய் திறந்து தண்ணீர் கொட்டியபோது நான் சந்தோஷப்பட்டேன். ‘எங்கேயிருந்து?’ என்று கேட்கவில்லை. பதினெட்டு வருஷம் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் காமாலை வரவில்லை. நாங்கள் சுட வைத்துக் குடிக்கிறவர்கள். அதை லயத்தில் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தேன். விறகு பொறுக்கி அடுப்பெரிக்கிற வீட்டில் குடிதண்ணீரும் சுட வை என்று சொல்வது எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது!

பெரட்டில்

காலையில் எல்லோரும் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடுகிற இடத்தைப் பெரட்டுக்களம் என்போம். மறுநாள் அங்கே போனேன். கணக்கப்பிள்ளையிடம், “ரெண்டு நிமிஷம் பேசணும்” என்றேன். அறிவித்தல் ஏதோ சொல்லப் போகிறேன் என்று அவர் எல்லோரையும் அமைதியாக்கினார்.

பனி இறங்கிக்கொண்டிருந்தது. கூடையும் படங்குமாக அறுபது எழுபது பெண்கள். என் வாழ்க்கையில் நான் பேசிய மிகச் சிறிய பேச்சு அது. குழாய் எங்கே உடைந்திருக்கிறது, அது யார் வீட்டுக்குப் போகிறது, இரண்டையும் சொன்னேன்.

வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது. “வெட்டுனது நான். மிஸ்ஸிக்குத் தெரியாது” என்றார் உரக்க.

“கொழாய் வந்தது எனக்குத் தெரியும்” என்றேன். “எங்கேருந்துன்னு கேக்கல. அவ்வளவுதான்.”

யாராவது கத்துவார்கள், கல்லெடுப்பார்கள் என்று பயந்திருந்தேன். ஒருவரும் அசையவில்லை. ராக்கம்மா மட்டும் முன்னுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து முந்தின நாள்தான் மாற்றுத்துணி எடுக்க வந்தவள், ஒரு நாள் சம்பளத்துக்காகக் கூடையோடு நின்றாள்.

“மிஸ்ஸி, ‘சுட்டுக் குடி, சுட்டுக் குடி’ன்னு அடிச்சுக்கிட்டீங்களே. தெரிஞ்சுதான் சொன்னீங்களா?”

“இல்ல ராக்கம்மாக்கா. சத்தியமாத் தெரியாது.”

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு மலைக்கு ஏறிப் போனாள். மற்றவர்களும் அவளுக்குப் பின்னால் போனார்கள். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு முடிக்கவேயில்லை.

அன்றைக்கே குழாயை வெட்டி அடைத்தோம். தோட்டத்து நிர்வாகம் வீட்டுக்காரருக்கு ஒரு மாதம் வேலை நிறுத்தியது. ஆறு கிழமை டிஸ்பென்சரிக்கு லயத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. காய்ச்சலோடு தெமோதரை வரைக்கும் நடந்தார்கள். என் வாசலைத் தாண்டித்தான் நடந்தார்கள்.

கௌரி

கௌரி பிழைத்துக்கொண்டாள். பிள்ளை பிழைக்கவில்லை. பெண் பிள்ளை, எட்டு மாதம் நிரம்பாமல் பிறந்து ஒன்றரை நாள் இருந்தது.

அந்தக் குழாய்தான் காரணம் என்று எந்த டொக்டரும் எழுதித் தரவில்லை. எனக்கு யாரும் எழுதித் தர வேண்டியதுமில்லை.

அவள் லயத்துக்கு வந்த நாலாம் நாள் போனேன். வாசலில் பாயில் உட்கார்ந்திருந்தாள். கண் வெளுத்துவிட்டிருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன்.

“மிஸ்ஸி, ஒண்ணும் சொல்லாதீங்க” என்றாள். கோபமே இல்லாத குரல். “போயிருங்க. எனக்கு இப்ப ஒங்களப் பாக்க முடியல.”

திரும்பி வந்தேன். அதன் பிறகு இரண்டு வருஷம் அங்கே வேலை செய்தேன். ஓய்வு பெறும் வரைக்கும் அவள் என்னோடு பேசவில்லை. அடுத்த பிள்ளைக்குப் பதுளையிலேயே போய்ப் பதிந்துகொண்டாள். ஆண் பிள்ளை, நன்றாக இருக்கிறான். ராக்கம்மாதான் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

தேடினோம்

மைதிலி மிஸ் தேடுவதை நிறுத்தவில்லை. நானும் கூடப் போனேன், ஞாயிற்றுக்கிழமைகளில். எங்கள் தோட்டத்து ஓடைகள், பக்கத்துத் தோட்டத்துக் குட்டைகள், ஹாலிஎலப் பக்கத்து வயல் வாய்க்கால்கள். பாசி கண்ட இடமெல்லாம் கோப்பையை விட்டு அள்ளினோம். வேறு வேறு வண்டுகள் கிடைத்தன, துடுப்புப் போடுகிற சாதி. கால் மாற்றி நடக்கிறது ஒன்றுகூட இல்லை.

தொட்டிக்கு இப்போது தகர மூடி போட்டுவிட்டார்கள். வெளிச்சமில்லாத இடத்தில் அந்தப் பாசி இனி வராது.

போன மாதம் பதுளைக்குப் போனபோது அவருடைய ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப் போனார். ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். கம்பளித் துணி விரித்தது போல வெள்ளைப் பஞ்சுப் பலகை. அதில் வரிசையாக ஊசிகள். ஒவ்வோர் ஊசியிலும் ஒரு சிறு அட்டை, அட்டையின் நுனியில் ஒட்டிய குருணை. அதற்குக் கீழே, கட்டைவிரல் நகத்தின் பாதி அகலத்துக்கு ஒரு காகிதத் துண்டு. எழுத்து எறும்பு மாதிரி.

“வாசிச்சுப் பாருங்கோ” என்று கண்ணாடியைத் தந்தார்.

பதுளை. தெமோதரைக்கு அண்மை. பாசி படர்ந்த நீர்த்தொட்டி. சேகரித்தவர்: என் பெயர்.

அவருக்கு அதில் சந்தோஷம். முகத்தில் தெரிந்தது. “இது நாங்கள் எல்லாரும் செத்த பிறகும் இருக்கும் அக்கா. நூறு வருஷம் கழிச்சு ஆரோ ஒருத்தர் பெட்டியைத் திறந்தால் உங்கட பேரைத்தான் வாசிப்பினம்.”

“மிஸ், இதுல இன்னொண்ணும் எழுதணும்” என்றேன்.

“என்ன?”

“கடைசியா இருந்ததக் கொன்னதும் இவதான்னு.”

அவர் கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார்.

“லேபிளில அவ்வளவு இடம் இல்லை அக்கா” என்றார்.

இங்கே இடம் இருந்தது. எழுதிவிட்டேன்.